50, 40, 30: குடியிருப்புச் சாலைகளின் வேக வரம்பு எப்படி முடிவாகிறது?

சிங்கப்பூரில் வேக வரம்புப் பலகை எதுவும் இல்லாத சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது. வாகன ஓட்டும் உரிமத்துக்குப் படிக்கும் எவரும் முதலில் மனப்பாடம் செய்யும் விதிகளுள் இதுவும் ஒன்று. ஆனால், ஒரே பேட்டைக்குள் ஒரு சாலையில் 50, அடுத்த சாலையில் 40, சந்தைக்குப் பக்கத்துச் சாலையில் 30 என்று பலகைகள் மாறுவதைப் பலரும் கவனித்திருப்பார்கள். இந்த எண்களை யார் முடிவு செய்கிறார்கள்? எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? ஒரு முறை வைத்த எண்ணை மாற்ற முடியுமா?

வாகனமோட்டிக்கு இது சில வினாடித் தாமதம் தொடர்பான கேள்வி. கைத்தடியுடன் சாலையைக் கடக்கும் மூதாட்டிக்கும், பள்ளி வாசலில் பெற்றோரின் கையை விட்டு ஓடும் சிறுவனுக்கும் இது உயிர் தொடர்பான கேள்வி. ஒரு சாலையின் வேக வரம்பை முடிவு செய்யும்போது இந்த இரு தரப்பில் யாரை முதலில் கணக்கில் எடுத்துக்கொள்வது என்பதையும் அந்த நகரம் முடிவு செய்கிறது.

இயல்பு வரம்பு என்றால் என்ன?

எந்த நாட்டிலும் ஒவ்வொரு சாலைக்கும் தனித்தனியாக வேகம் குறிப்பதில்லை. முதலில் ஓர் இயல்பு வரம்பு இருக்கும். பலகை இல்லாத இடமெல்லாம் அந்த வரம்புக்கு உட்பட்டது. சிங்கப்பூரில் அது 50. விரைவுச்சாலைகளில் 70 முதல் 90 வரை பலகைகள் மூலம் உயர்த்தப்படுகிறது. பள்ளி, முதியோர் வட்டாரங்களில் பலகைகள் மூலம் குறைக்கப்படுகிறது. வரம்பை நிர்ணயிக்கும் பொறுப்பு நிலப் போக்குவரத்து ஆணையத்துடையது. மீறுவோர் மீது நடவடிக்கை எடுப்பது போக்குவரத்துக் காவல்துறையின் வேலை.

மலேசியாவில் 1989ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த தேசிய வேக வரம்பு ஏற்பாட்டின்படி நெடுஞ்சாலைகளில் 110, கூட்டரசு, மாநிலச் சாலைகளில் 90, நகர்ப்பகுதிகளில் 60 என்பது பொது வரம்பு. சாலை யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதைப் பொறுத்து, குறிப்பிட்ட இடங்களில் அதைவிடக் குறைந்த வரம்புகள் வைக்கப்படுகின்றன.

இயல்பு வரம்பு முக்கியமானது. பலகை வைக்கப் பணம் வேண்டும், ஆய்வு வேண்டும், ஒப்புதல் வேண்டும். இவை எதுவும் நடக்காத சாலைகளே எந்த நகரத்திலும் அதிகம். அவை எல்லாவற்றையும் ஆள்வது இயல்பு வரம்பு. அதை 10 கிலோமீட்டர் குறைத்தால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான சாலைகளின் வேகம் சட்டப்படி குறைந்துவிடும். உலக நகரங்களில் இப்போது நடக்கும் விவாதத்தின் மையம் அதுதான்.

பழைய கணக்கு: நூற்றில் 85 பேர்

வேக வரம்பை நிர்ணயிக்கப் பொறியாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் ஒரு கணக்கு உண்டு. நெரிசல் இல்லாத நேரத்தில் சாலையோரம் கருவியை வைத்து, கடந்து செல்லும் வாகனங்களின் வேகத்தை அளப்பார்கள். நூறு வாகனங்களை மெதுவானதிலிருந்து வேகமானது வரை வரிசைப்படுத்தினால், 85வது வாகனத்தின் வேகம் எதுவோ அதை ஒட்டி வரம்பை வைப்பார்கள். பெரும்பாலான ஓட்டுநர்கள் சாலையின் தன்மையைப் பார்த்து நியாயமான வேகத்தில்தான் ஓட்டுவார்கள், எஞ்சிய 15 பேரே கட்டுப்படுத்தப்பட வேண்டியவர்கள் என்பது இதற்குப் பின்னால் உள்ள எண்ணம். அமெரிக்காவில் இந்த முறை பல பத்தாண்டுகளாக வழக்கில் உள்ளது. மற்ற பல நாடுகளின் பொறியியல் கையேடுகளிலும் அது இடம்பிடித்தது.

நாட்டுப்புற நெடுஞ்சாலைக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தலாம். கடைகளும் பள்ளிகளும் பேருந்து நிறுத்தங்களும் உள்ள சாலையில் இரண்டு சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, இது தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் கணக்கு. சாலை அகலமாகவும் நேராகவும் இருந்தால் ஓட்டுநர்கள் வேகமாகப் போவார்கள். அளவெடுத்தால் எண் கூடும். வரம்பை உயர்த்துவார்கள். அதற்குப் பிறகு இன்னும் சற்று வேகமாகப் போவார்கள்.

இரண்டாவது, அளவெடுக்கும் கருவி வாகனங்களை மட்டுமே பார்க்கிறது. அந்தச் சாலையைக் கடக்க அஞ்சி வீட்டிலேயே தங்கிவிட்ட முதியவரை அது பதிவு செய்வதில்லை. வாக்கெடுப்பில் வாகனமோட்டிகளுக்கு மட்டும் வாக்குரிமை கொடுத்ததுபோல் ஆகிவிடுகிறது.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமே 2017ல் வெளியிட்ட ஆய்வில், இந்த 85 விழுக்காட்டுக் கணக்குக்குத் தரப்படும் முக்கியத்துவத்தைக் குறைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கலிஃபோர்னியா மாநிலம் 2021ல் இயற்றிய சட்டம், பாதசாரிகள் அதிகம் நடமாடும் சாலைகள் போன்றவற்றில் அந்தக் கணக்கைவிடக் குறைவான வரம்பு வைக்க நகரங்களுக்கு வழிவிட்டது.

புதிய கணக்கு: மனித உடல் எவ்வளவு தாங்கும்?

சுவீடன் நாடாளுமன்றம் 1997ல் ‘விஷன் ஸீரோ’ எனும் கொள்கையை ஏற்றது. சாலையில் ஒருவர்கூட உயிரிழப்பதையோ கடுமையாகக் காயமடைவதையோ ஏற்றுக்கொள்ள முடியாது என்பது அதன் அடிப்படை. மனிதர்கள் தவறு செய்வார்கள். ஆனால் தவறுக்கு விலை உயிராக இருக்கக்கூடாது. எனவே, வாகனமோட்டிகள் என்ன வேகத்தில் போகிறார்கள் என்பதை விட்டுவிட்டு, மோதல் நடந்தால் மனித உடல் எவ்வளவு தாங்கும் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்கினார்கள்.

அந்தக் கணக்குப்படி, பாதசாரிகளும் சைக்கிளோட்டிகளும் வாகனங்களும் ஒரே இடத்தைப் பகிரும் சாலையில் 30. வாகனங்கள் பக்கவாட்டில் மோதக்கூடிய சந்திப்புகளில் 50. நேருக்கு நேர் மோதக்கூடிய, நடுத்தடுப்பு இல்லாத சாலையில் 70. அதற்கு மேற்பட்ட வேகம் வேண்டுமானால் அந்த மோதல் நடக்கவே முடியாதபடி சாலையை அமைக்க வேண்டும்.

குடியிருப்புச் சாலைகளுக்கு 30 என்ற எண் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதன் காரணம் இதுதான். 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகளாவிய சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனமும், பாதசாரிகளும் வாகனங்களும் அடிக்கடி கலக்கும் இடங்களில் 30க்கு மேல் கூடாது என்று கேட்டுக்கொண்டது.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஆபத்தைப் பார்த்ததிலிருந்து ஓட்டுநரின் கால் பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சாலை உலர்ந்திருக்கிறது, பிரேக்கும் நன்றாக உள்ளது. 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் மொத்தம் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 40ல் வந்தால் சுமார் 20 மீட்டர். 50ல் வந்தால் சுமார் 28 மீட்டர்.

இப்போது, நிறுத்தப்பட்டிருக்கும் வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுவன் 14 மீட்டர் தொலைவில் சாலைக்குள் ஓடி வருகிறான். 30ல் வந்த கார் அவனுக்கு முன்னால் நின்றுவிடுகிறது. 40ல் வந்த கார் சுமார் 33 கிலோமீட்டர் வேகத்தில் அவனை மோதுகிறது. 50ல் வந்த கார் அப்போதுதான் பிரேக்கைப் பிடிக்கத் தொடங்கியிருக்கும். ஏறத்தாழ முழு வேகத்தில் மோதும். மழையில் நனைந்த சாலை என்றால் இந்தத் தொலைவுகள் எல்லாம் இன்னும் கூடும்.

மோதலின் விசையும் வேகத்துக்கு ஏற்ப ஒரே விகிதத்தில் கூடுவதில்லை. 50 கிலோமீட்டரில் ஓடும் காரின் இயக்க ஆற்றல், 30ல் ஓடும் அதே காருடையதைப்போல் 2.8 மடங்கு. சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்து அபாயம் ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது.

மூத்தோரின் பார்வையிலிருந்து

சிங்கப்பூர் விரைவாக மூப்படையும் சமூகம். இதனால் வேக வரம்பு இங்கே மூத்தோர் நலனோடும் பிணைந்துவிட்டது.

இரு தடங்கள் கொண்ட, சுமார் 7 மீட்டர் அகலமுள்ள பேட்டைச் சாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இளையர் ஒருவர் அதை 5 வினாடியில் கடந்துவிடுவார். முழங்கால் வலியுடன் வினாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் ஒருவருக்குச் சுமார் 9 வினாடி பிடிக்கும். அந்த 9 வினாடியில் 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் 125 மீட்டர் கடந்துவிடும். அதாவது, அவர் பத்திரமாகக் கடக்க வேண்டுமானால் இருபுறமும் 125 மீட்டர் தொலைவுக்குச் சாலை காலியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லக்கூடிய கண்பார்வை வேண்டும். சாலை வளைந்திருந்தால் அதுவும் முடியாது. வரும் கார் 30ல் வந்தால் அந்தத் தொலைவு 75 மீட்டராகக் குறைகிறது.

2009ல் அறிமுகமான ‘கிரீன் மேன் பிளஸ்’ திட்டம் இதே சிக்கலுக்குச் சமிக்ஞை விளக்குகள் மூலம் கண்ட தீர்வு. மூத்தோரும் உடற்குறையுள்ளோரும் தங்கள் சலுகை அட்டையை விளக்குக் கம்பத்தில் உள்ள கருவியில் காட்டினால் பச்சை மனிதன் கூடுதல் நேரம் எரியும். ஆனால், எல்லா இடங்களிலும் விளக்கு வைக்க முடியாது. காப்பிக்கடைக்கும் புளோக்கிற்கும் இடையே குறுக்கே நடப்பதுதான் பலரின் அன்றாட வழக்கம்.

2014ல் தொடங்கப்பட்ட ‘சில்வர் ஸோன்’ எனப்படும் முதியோர் பாதுகாப்பு வட்டாரங்கள் இதற்காகவே வந்தவை. மூத்த குடியிருப்பாளர்கள் அதிகம் வாழும் பகுதி, மூத்தோர் சிக்கிய விபத்துகள் நடந்த பகுதி, சந்தை, பலதுறை மருந்தகம் போன்று மூத்தோர் அடிக்கடி செல்லும் இடங்கள் உள்ள பகுதி ஆகியவற்றைப் பார்த்து வட்டாரங்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. தொடக்கத்தில் அங்கு வரம்பு 40 ஆக இருந்தது. பின்னர் சாத்தியமான சாலைகளில் 30 ஆகக் குறைக்கப்பட்டது. முடிக்கப்பட்ட வட்டாரங்களில் மூத்த பாதசாரிகள் சம்பந்தப்பட்ட விபத்துகள் சுமார் 80 விழுக்காடு குறைந்ததாக நிலப் போக்குவரத்து ஆணையம் தெரிவித்துள்ளது.

பலகை மட்டும் போதுமா?

அந்த 80 விழுக்காட்டுக்கு எண்ணை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. முதியோர் பாதுகாப்பு வட்டாரத்துக்குள் நுழையும்போதே பளிச்சென்ற மஞ்சள்-பச்சைப் பலகை வரவேற்கிறது. நேரான சாலை வேண்டுமென்றே சற்று வளைக்கப்பட்டிருக்கும். தடங்கள் குறுகலாக்கப்பட்டிருக்கும். சாலை நடுவே திட்டு ஒன்று இருக்கும்; பாதிச் சாலையைக் கடந்து அங்கே நின்று மூச்சு வாங்கி, பிறகு மறுபாதியைக் கடக்கலாம். ஒரே நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்களை மட்டும் கவனித்தால் போதும். வரிக்குதிரைக் கோடு நடைபாதையின் உயரத்துக்கு மேடாக்கப்பட்டிருக்கும் இடங்களில் சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் இறங்கி ஏற வேண்டியதில்லை. கார்தான் ஏறி இறங்க வேண்டும்.

பலகையை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனில் ஓர் ஆய்வு உண்டு. சாலை அமைப்பை மாற்றாமல் பலகைகள் மூலம் மட்டும் வரம்பை 30 மைலிலிருந்து 20 மைலுக்குக் குறைத்த இடங்களை ஆராய்ந்த அந்த அறிக்கை 2018ல் வெளியானது. குடியிருப்புப் பகுதிகளில் வேகம் மணிக்கு 0.7 மைல், அதாவது ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் குறைந்திருந்தது.

இதனால் பலகை வீண் என்று ஆகிவிடாது. ஓட்டுநர் சாலையின் அமைப்பைப் பார்த்து ஒரு வேகத்தை உணர்கிறார். பலகையைப் பார்த்து இன்னொரு வேகத்தை அறிகிறார். இரண்டும் ஒன்றாக இருந்தால் பெரும்பாலோர் தாமாகவே கீழ்ப்படிவார்கள். மூன்று தடங்கள் கொண்ட நேர்ச்சாலையில் 30 என்று எழுதினால் அதை மதிப்பவர்கள் குறைவு, அபராதம்தான் கூடும்.

மாற்றுவதற்கு மூன்று வழிகள்

ஏற்கெனவே உள்ள வரம்பை நகரங்கள் பொதுவாக மூன்று வழிகளில் மாற்றுகின்றன.

இடத்தைப் பொறுத்து: குறிப்பிட்ட வட்டாரத்துக்கு எல்லை வகுத்து, அதற்குள் மட்டும் வரம்பைக் குறைப்பது. முதியோர் பாதுகாப்பு வட்டாரம் இந்த வகை. ஜெர்மனியின் பூக்ஸ்டஹூட எனும் சிறு நகரம் 1983ல் அந்நாட்டின் முதல் 30 கிலோமீட்டர் வட்டாரத்தை அமைத்தது. இன்று ஜெர்மானிய நகரங்களில் இது சர்வ சாதாரணம்.

நேரத்தைப் பொறுத்து: சிங்கப்பூரின் பள்ளி வட்டாரங்களில் ‘விளக்கு மின்னும்போது 40’ என்ற பலகைகள் உள்ளன. பள்ளி தொடங்கும், முடியும் நேரங்களில் மட்டும் அந்த வரம்பு நடப்பில் இருக்கும். மலேசியாவில் பெருநாள் காலங்களில் 90 கிலோமீட்டர் வரம்புள்ள கூட்டரசு, மாநிலச் சாலைகளில் வரம்பு தற்காலிகமாக 80க்குக் குறைக்கப்படுவது இன்னோர் எடுத்துக்காட்டு. சொந்த ஊருக்குச் செல்லும் கூட்டம் முடிந்ததும் பழைய வரம்பு திரும்பிவிடும்.

இயல்பு வரம்பையே மாற்றுவது: இதுதான் துணிச்சலான வழி. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992 செப்டம்பரில் முக்கியச் சாலைகள் தவிர நகரம் முழுவதும் 30 என்று அறிவித்தது. ஸ்பெயினில் 2021 மே மாதம் முதல், ஒரு திசைக்கு ஒரே தடம் உள்ள நகரச் சாலைகள் அனைத்திலும் 30. நடைபாதையும் சாலையும் ஒரே மட்டத்தில் உள்ள வீதிகளில் 20. ஒரு திசைக்கு இரண்டோ அதற்கு மேலோ தடங்கள் இருந்தால் 50. ஆயிரக்கணக்கான சாலைகளைத் தனித்தனியாக ஆராயாமல், தடங்களின் எண்ணிக்கையை வைத்தே ஓட்டுநர் வரம்பைத் தெரிந்துகொள்ளலாம். பிரசல்ஸ், பாரிஸ் நகரங்களும் அதே ஆண்டு 30க்கு மாறின.

ஆசியாவிலும் மாற்றம் வந்துள்ளது. தென்கொரியா 2021 ஏப்ரலில் ‘5030’ எனும் கொள்கையை நாடு முழுவதும் நடப்புக்குக் கொண்டுவந்தது. நகரச் சாலைகளில் 50, குடியிருப்பு வீதிகளில் 30 என்பதே அந்தப் பெயரின் பொருள். ஜப்பானில் நடுக்கோடு இல்லாத குறுகிய வீதிகளிலும் சட்டப்படி 60 வரை செல்லலாம் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. அதை 2026 செப்டம்பர் முதல் 30 ஆகக் குறைக்க அந்நாட்டு அரசு 2024ல் முடிவெடுத்தது.

ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி நகரம், அதற்கு முந்தைய 12 மாதங்களில் தன் சாலைகளில் ஒருவர்கூட விபத்தில் உயிரிழக்கவில்லை என்று 2025ல் தெரிவித்தது. அங்கு பாதிக்கும் மேற்பட்ட வீதிகளில் வரம்பு 30. வேக வரம்போடு வீதி வடிவமைப்பு, பொதுப் போக்குவரத்து, கண்காணிப்புக் கேமராக்கள் ஆகியவையும் இதற்குக் காரணம் என்று நகர அதிகாரிகள் குறிப்பிட்டனர்.

எதிர்ப்புக் குரல்களும் நியாயங்களும்

வரம்பைக் குறைப்பதை எல்லோரும் வரவேற்பதில்லை. பிரிட்டனின் வேல்ஸ் வட்டாரம் 2023 செப்டம்பர் 17 முதல் குடியிருப்புச் சாலைகளின் இயல்பு வரம்பை 30 மைலிலிருந்து 20 மைலுக்கு, அதாவது சுமார் 32 கிலோமீட்டருக்குக் குறைத்தது. அதை எதிர்த்த மனுவில் கிட்டத்தட்ட 470,000 பேர் கையெழுத்திட்டனர். வேல்ஸ் மக்கள்தொகை சுமார் 31 லட்சம்தான்.

அரசாங்கம் திட்டத்தைக் கைவிடவில்லை. 2024 ஜூலையில் வழிகாட்டி நெறிகளைத் திருத்தியது. எந்தெந்தச் சாலைகளுக்கு 20 பொருந்தவில்லை என்று குடியிருப்பாளர்களிடம் கேட்டு, அவற்றில் சிலவற்றை மீண்டும் 30க்கு உயர்த்த உள்ளூர் மன்றங்களுக்கு வழி செய்தது. இதற்கிடையே, அந்த வகைச் சாலைகளில் விபத்துகளில் காயமடைந்தோர் எண்ணிக்கை குறைந்தது.

தென்கொரியாவிலும் 2023ல், குழந்தைகள் நடமாட்டம் இல்லாத இரவு நேரத்தில் சில பள்ளி வட்டாரங்களின் 30 கிலோமீட்டர் வரம்பு தளர்த்தப்பட்டது.

வாகனமோட்டிகளின் முதல் கவலை நேரம். ஒரு கிலோமீட்டர் தொலைவை எங்கும் நிற்காமல் 50ல் கடந்தால் 72 வினாடி. 30ல் கடந்தால் 120 வினாடி. வேறுபாடு 48 வினாடி. ஆனால், பேட்டைச் சாலையில் எந்தக் காரும் ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குச் சிவப்பு விளக்கோ சந்திப்போ பேருந்தோ குறுக்கிடாமல் 50லேயே ஓடுவதில்லை. வீட்டிலிருந்து முக்கியச் சாலைக்குச் செல்லும் அரை கிலோமீட்டரில் உண்மையான இழப்பு அரை நிமிடத்துக்கும் குறைவு.

பேருந்து, மருத்துவ வாகனம் பற்றிய கவலை இன்னும் கனமானது. வேகத்தடை மேடுகள் பேருந்துப் பயணிகளைக் குலுக்கும். நோயாளியை ஏற்றிச் செல்லும் வாகனத்தைத் தாமதப்படுத்தும். ஆகவேதான் பேருந்துத் தடமுள்ள சாலைகளில் மேடுகளைவிட, தடத்தைக் குறுக்குவதும் நடுத்திட்டு அமைப்பதும் பொருத்தமாகின்றன. நகரைக் குறுக்காகக் கடக்கும் முக்கியச் சாலைகளை 50லேயே விட்டுவிட்டு, வீட்டு வாசலை ஒட்டிய சாலைகளை மட்டும் குறைப்பதும் இதே காரணத்தால்தான். முக்கியச் சாலையின் வேகத்தையும் அளவுக்கு மீறிக் குறைத்தால் வாகனங்கள் சிறு வீதிகளுக்குள் குறுக்குவழி தேடத் தொடங்கலாம்.

மீறினால் என்ன?

வரம்பை வைத்தால் மட்டும் போதாது. அதை நடைமுறைப்படுத்தவும் வேண்டும். சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் 142 பேர் உயிரிழந்தனர். முந்தைய ஆண்டில் அந்த எண்ணிக்கை 136. வேக வரம்பு மீறல்கள் 190,000ஐத் தாண்டின. சிவப்பு விளக்கை மீறுவோரைப் படம்பிடிக்கும் கேமராக்கள் 2024 ஏப்ரல் 1 முதல் படிப்படியாக வேகத்தையும் கண்காணிக்கத் தொடங்கியதும் கூடுதல் மீறல்கள் பிடிபட ஒரு காரணம்.

2026 ஜனவரி 1 முதல் வேக வரம்பு மீறலுக்கான தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. இலகுரக வாகனம் ஓட்டுபவர் வரம்பைவிட 21 முதல் 30 கிலோமீட்டர் வரை கூடுதலாகச் சென்றால் அபராதம் 200 வெள்ளியிலிருந்து 300 வெள்ளியாகவும் குற்றப் புள்ளிகள் 6லிருந்து 8 ஆகவும் உயர்ந்துள்ளன. 24 மாதங்களில் 24 புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் தற்காலிகமாகப் பறிக்கப்படும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. 52 கிலோமீட்டரில் செல்லும் ஒருவர் சாதாரணச் சாலையில் வரம்பை 2 கிலோமீட்டர்தான் மீறுகிறார். அதே வேகத்தில் 30 கிலோமீட்டர் வட்டாரத்துக்குள் நுழைந்தால் மீறல் 22 கிலோமீட்டர். வேகத்தை மாற்றாமலே அவர் 8 புள்ளிகளுக்கு உரியவராகிவிடுகிறார். பழகிய சாலைதானே என்று பலகையைப் பார்க்காமல் ஓட்டுபவர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது.

குடியிருப்பாளர் என்ன செய்யலாம்?

வேக வரம்பு நிபுணர்களின் அலுவலகத்தில் முடிவாகிறது என்றாலும், எந்தச் சாலையை ஆராய்வது என்பதில் அங்கு வாழ்பவர்களின் கருத்துக்கு இடமுண்டு. சிங்கப்பூரில் ‘ஒன்சர்விஸ்’ செயலியில் புகார் அல்லது யோசனையைப் பதிவு செய்தால், அது எந்த அமைப்பின் பொறுப்போ அங்கு அனுப்பப்படும். நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு நேரடியாகவும் எழுதலாம். தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக் கூட்டத்திலும் எடுத்துரைக்கலாம். மலேசியாவில் நகராண்மைக் கழகமோ மாவட்ட மன்றமோ முதற்படி. கூட்டரசுச் சாலை என்றால் பொதுப்பணித் துறை.

“எங்கள் சாலையில் கார்கள் வேகமாகப் போகின்றன” என்று மட்டும் எழுதினால் அது ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். ஆய்வுக்கு உதவும் விவரங்கள் இவை:

• சாலையின் பெயர், அருகிலுள்ள புளோக் எண், எந்த இரு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட பகுதி.

• எந்த நாள், எந்த நேரத்தில் சிக்கல் அதிகம்: காலைப் பள்ளி நேரமா, சந்தை நேரமா, இரவா?

• மக்கள் உண்மையில் எங்கே கடக்கிறார்கள், எங்கிருந்து எங்கே போகிறார்கள்: காப்பிக்கடை, கோயில், மூத்தோர் நடவடிக்கை நிலையம், பேருந்து நிறுத்தம்.

• பார்வையை மறைப்பது எது: வளைவு, மரம், நிறுத்திவைக்கப்படும் லாரிகள்.

• ஏற்கெனவே நடந்த விபத்துகள், மயிரிழையில் தப்பிய சம்பவங்கள்.

மூன்றாவது விவரம் மிக முக்கியம். வேகத்தைக் கருவி அளந்துவிடும். எத்தனை பேர் சாலையைக் கடக்க நினைத்துத் தயங்கி நின்றார்கள் என்பதை அங்கு வாழ்பவர்கள்தான் சொல்ல முடியும்.

பதில் எப்போதும் வரம்பைக் குறைப்பதாக இருக்காது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சில இடங்களில் நடுத்திட்டு ஒன்றே போதும். சில இடங்களில் மரக்கிளையை வெட்டினால் போதும். வேறு சில இடங்களில் வட்டாரம் முழுவதையும் மாற்றியமைக்க வேண்டியிருக்கும். சிங்கப்பூரில் அங் மோ கியோ, தோ பாயோ உள்ளிட்ட ஐந்து இடங்களில் முதலில் அறிவிக்கப்பட்ட ‘ஃபிரெண்ட்லி ஸ்திரீட்ஸ்’ திட்டம் அந்த வழியில் செல்கிறது. குடியிருப்பாளர்களிடம் கருத்துக் கேட்டு, நடப்போருக்கு உகந்ததாக வீதிகளை மாற்றும் இத்திட்டத்தை 2030க்குள் எல்லா வீவக நகரங்களுக்கும் விரிவுபடுத்துவது இலக்கு.

வாகனமோட்டிகளும் ஏதாவது ஒரு நேரத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கி நடப்பவர்கள்தான். இன்று 50ல் செல்லும் இளையரும் ஒரு நாள் அதே சாலையைக் கடக்க 9 வினாடி எடுத்துக்கொள்வார். அந்த 9 வினாடியை அவருக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதைத்தான் சாலையோரம் நிற்கும் அந்த வட்டப் பலகை முடிவு செய்கிறது.